அடைப்புக்குறிக்குள் சிரிப்பு

தான் பொதுமக்கள் என்கிற விஷயம் குவாபதா ஷிகேவுக்கு அந்தக் கோடை வரை தெரியாது. முப்பத்தாறு வயது வரை தன்னைத் தையல்காரி என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். தோக்கியோவில், ஹோன்ஜோவில், பூகம்பத்துக்குப் பிறகு அவசரமாகக் கட்டிய தகரக் கூரை வரிசை வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. ஒரே அறை. அதில் ஒரு கரி அடுப்பு, ஒரு கொசுவலை, ஒரு தையல் மிஷின். புருஷன் பூகம்பத்தில் போய்விட்டான். மிஷின் அதற்குப் பிறகு நாலு வருஷத் தவணையில் வந்தது. கையால் சக்கரம் சுற்றுகிற பழைய மிஷின். மரமூடி போட்டுத் துணியில் கட்டினால் முதுகில் சுமந்துகொண்டு போய்விடலாம்.

அதில் அவள் தைத்தது அப்பப்பா. அந்த வருஷம் ஊரில் பாதிப் பெண்கள் வீட்டில் போட்டுக்கொண்டிருந்த தொளதொளப் பருத்தி அங்கிக்கு அதுதான் பெயர். தலை வழியாக மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். இடுப்பில் இறுக்குகிற பட்டை கிடையாது, முதுகில் முடிச்சு கிடையாது. கீழே திறந்து கிடக்கும், காற்று தாராளமாக வந்து போகும். ஆகஸ்டு வெயிலில் அடுப்படியில் நின்றவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். அடுப்படியில் நிற்காதவர்களுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரிந்தது. ஜப்பானியப் பெண்மை செத்துவிட்டது என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அவர்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பப்பா இரண்டே மாத வியாபாரம். ஜூன் மழையில் தைத்து அடுக்கிவிட வேண்டும். ஜூலையில் வெயில் அடித்ததும் கடைக்காரன் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்வான். ஆகஸ்டு முடிவோடு சரி. அந்தக் கூலிதான் ஷிகேவுக்கு வருஷம் முழுக்க அரிசி. இதை வாசகர் மறக்காமல் இருந்தால் போதும். படித்தவர்கள் கடைசி வரை மறந்தேதான் இருந்தார்கள்.

ஜூன் இரண்டாம் வாரம், தூறலில், வட்டக் கண்ணாடி போட்ட ஒருவர் வாசலில் வந்து நின்று குனிந்து வணங்கினார். பேராசிரியர் உசாமி. நவீன வாழ்வு ஆய்வுக் கழகத்திலிருந்து வருகிறார். வீட்டில் உள்ள பொருள்களை எண்ண அனுமதி வேண்டும் என்றார்.

மூன்று நாள் எண்ணினார். கிண்ணம் நாலு, ஒன்றில் விரிசல். விரிசலின் நீளத்தை அளந்து எழுதினார். மரச்செருப்பு இரண்டு ஜோடி. எந்தப் பக்கம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று படம் போட்டுக்கொண்டார். ஷிகே மிஷினைச் சுற்றிக்கொண்டே பார்த்தாள். இரண்டாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"ஐயா, எதையாவது தேடறீங்களா?"

"தேடலைம்மா, பதிவு பண்றேன். நாளைக்கு இதெல்லாம் அழிஞ்சு போயிடும்."

"எதுனால?"

"நவீனத்தால."

ஷிகே தன் கெண்டியைப் பார்த்தாள். "போன மாசம்தான் வாங்கினேன்," என்றாள்.

மூன்றாம் நாள் மாலை உசாமி நோட்டை மூடினார். "இன்னிக்கு மட்டும் நாப்பத்தொரு தடவை பெருமூச்சு விட்டிருக்கீங்க," என்றார் மகிழ்ச்சியாக.

"நீங்க வந்தப்புறம் கொஞ்சம் கூடித்தான் போச்சு," என்றாள் ஷிகே.

அதையும் எழுதிக்கொண்டார். பிறகு மிஷினைக் காட்டி, இதைக் கழகத்தில் மூன்றே மூன்று நாள் வைத்துப் பார்க்க வேண்டும், தேசமே இதைப் பார்த்தாக வேண்டும் என்றார். கையில் ஒரு காகிதம் வைத்திருந்தார். முழுக்கப் படித்தவர்கள் எழுதுகிற கனமான சீன எழுத்துகள். ஷிகேவுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த சுலபமான எழுத்துகள்தான் தெரியும். அவரே படித்துக் காட்டினார். கழகம் இது குறித்து ஒரு முடிவை எட்டும் வரை மேற்படி பொருள் கழகத்தின் பாதுகாப்பில் இருக்கும் என்றிருந்தது.

"மூணு நாள்ல முடிவு எட்டிடுவீங்களா?"

"ஒரு மிஷின் விஷயம்தானேம்மா," என்று சொல்லிவிட்டு உசாமி பாயில் நெற்றி படும்படி குனிந்து வணங்கினார். படித்தவர் யாரும் அவளுக்கு அப்படி வணங்கியதில்லை. கூச்சத்தில் அவளும் குனிந்தாள், குனிந்த வாக்கிலேயே, கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துகிற தன் பெயர் முத்திரையை எடுத்துக் குத்திவிட்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மூன்று நாள் பத்து நாளாயிற்று. கடைக்காரன் இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டான். ஷிகே கையாலேயே தைத்துப் பார்த்தாள். மிஷினில் ஒரு நாளைக்குப் பத்து தைப்பவள் கையால் ஒன்றரை தைத்தாள். பதினோராம் நாள் கிளம்பி, கழகம் இருந்த கந்தாவுக்குப் போனாள்.

கழகக் கட்டடம் புதுசு. மூன்று மாடிக் கான்கிரீட். வாசலுக்கு மேலே 'மக்களிடம் செல்வோம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், முன் அனுமதி இல்லாதவர்கள் உள்ளே வரக் கூடாது என்றிருந்தது. சின்ன எழுத்து சுலபமான எழுத்தாக இருந்ததால் அவளால் படிக்க முடிந்தது. ஆனாலும் போனாள்.

கீழ்த்தளத்தில் பொருள் பிரிவு. "மிஷின் பத்திரமா இருக்குதும்மா," என்றார் அங்கே இருந்த குமாஸ்தா. "ஆனா வெளிய விடணும்னா மனப்பான்மைப் பிரிவுல கையெழுத்து வாங்கணும். மாடிக்குப் போங்க."

மாடியில் மனப்பான்மைப் பிரிவுக்காரர் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். "மிஷின் இல்லாம இந்தப் பத்து நாள் உங்க மனப்பான்மை எப்படி இருக்கு?"

"பசிக்குதுங்க."

"அது பொருள் பிரிவு. கீழ போங்க."

கீழே போனாள். மறுபடி மேலே அனுப்பினார்கள். நாலாவது தடவை படியேறும்போது ஒருவர் இரக்கப்பட்டு, முடிவுப் பிரிவு மூன்றாம் மாடியில் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள் என்றார். மூன்றாம் மாடியில் கதவில் பலகை தொங்கியது. உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, உலர்ந்த தூரிகை. ஒரு விரற்கடைத் தூசி. வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த கிழவர் விளக்குமாற்றை நிறுத்தினார்.

"இங்க ஆள் போடலைம்மா. கழகம் ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆச்சு, இதுவரைக்கும் முடிவுன்னு எதுவும் வரலை. வந்தா ஆள் போடுவாங்க."

திரும்பும்போது எதிர் அறைக் கண்ணாடிக் கதவு வழியாக ஷிகே தன் மிஷினைப் பார்த்தாள். ஊதாத் துணி விரித்த பீடத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள். கழுத்தில் ஒரு சீட்டு. என்ன எழுதியிருக்கிறது என்று கிழவரைக் கேட்டாள். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். "கருவி. மேற்கத்தியது. பயன்படுத்தியவர், பொதுமக்கள்."

"யாரு அது?" என்று கேட்டாள் ஷிகே.

கிழவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான் போலிருக்கு," என்றார்.

கழகத்தின் தலைவர் டாக்டர் கசஹாரா. ஜெர்மனியில் ஏழு வருஷம் தத்துவம் படித்துவிட்டு வந்தவர். வந்த நாளிலிருந்து கிமோனோ தவிர வேறு உடுத்துவதில்லை. அதற்கு உள்ளே போட்டுக்கொள்கிற கம்பளிச் சட்டை மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஜூலை முதல் வாரம் ஷிகே அவர் வீட்டைத் தேடிக்கொண்டு போனாள். அவளைப் போன்றவர்கள் போக வேண்டிய சமையலறை வாசலில் நின்று குரல் கொடுத்தாள். கதவு திறந்தது. டாக்டர் கசஹாராவின் மனைவி, வேர்வை வழியும் முகத்தோடு, நீலக் கட்டம் போட்ட அப்பப்பாவில் நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள வாங்க, உள்ள வாங்க. யாராவது பார்த்துடப் போறாங்க," என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க போட்டிருக்கறது நான் தச்சதும்மா. இந்தக் கழுத்துப் பட்டி என் கைதான்."

"அப்படியா? உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஒண்ணுதான் இருக்கு, ராத்திரி தோய்ச்சுக் காலையில போட்டுக்கறேன். அவர் செருப்புச் சத்தம் கேட்டா இதுக்கு மேலயே கிமோனோவைச் சுத்திக்குவேன். இன்னும் ஒண்ணு தச்சுத் தர்றீங்களா?"

"மிஷின் உங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கு," என்றாள் ஷிகே. முழுக் கதையையும் சொன்னாள்.

அந்த அம்மாள் விசிறிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "என்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்லைங்க, தையக்காரம்மா," என்றாள். "காஸ் அடுப்பு வாங்கச் சொல்லி மூணு வருஷமாச் சொல்லிட்டிருக்கேன். வீட்ல சொல்றது அவர் காதுல ஏறாது. வட்டமேசையில யாராவது சொன்னாத்தான் அவருக்கு அது சிந்தனை. அடுத்த வட்டமேசைக்குப் பொதுமக்கள் ஒருத்தர் வேணும்னு தேடிட்டிருக்காங்க. நீங்க போங்களேன்."

அப்போது பத்திரிகை என்றால் வட்டமேசைதான். நாலு அறிஞர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்துச் சோறு போட்டுப் பேசவிடுவார்கள். பக்கத்தில் ஒரு சுருக்கெழுத்தாளர் உட்கார்ந்து இருமல் முதற்கொண்டு எழுதிக்கொள்வார். அது அப்படியே அச்சாகும். கட்டுரை எழுதச் சோம்பல்படுகிறவர்களும் புத்தகம் படிக்கச் சோம்பல்படுகிறவர்களும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கழகத்தின் மாத இதழ் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை பதினாலாம் தேதி வட்டமேசை. தலைப்பு, 'தையல் மிஷினும் தேசத்தின் ஆன்மாவும்'. மேசை நடுவில் ஊதாத் துணியோடு ஷிகேவின் மிஷின். அதைச் சுற்றிப் பன்றி இறைச்சி வறுவல், கறிக்குழம்பு ஊற்றிய சோறு, பீர். டாக்டர் கசஹாரா, உசாமி, விமர்சகர் தொகாஷி மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் சென்செய் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். மூன்று ஆசிரியர்கள், மாணவன் யாரும் இல்லை. ஓரத்தில் சுருக்கெழுத்தாளர் நிஷிகொரி, பென்சில் சீவிக்கொண்டிருந்தார். மின்விசிறி மூன்று பேர் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஷிகே உட்கார்ந்த மூலை வரை அது வரவில்லை.

கசஹாரா கண்ணை மூடிக்கொண்டுதான் பேசுவார். "நம்ம ஊசி, கை சொன்ன இடத்துக்குப் போச்சு. மிஷின் ஊசி கையை இழுத்துட்டுப் போகுது. இதுதான் நவீனம். ஜெர்மனியில ஒரு நாள் என் சட்டைப் பொத்தான் அறுந்துபோச்சு. அன்னிக்குத்தான் எனக்கு ஜப்பான்னா என்னன்னு புரிஞ்சுது."

"யார் தச்சுக் குடுத்தாங்க சென்செய்?" என்று கேட்டார் உசாமி.

"குடியிருந்த வீட்டுக்காரி. மிஷின்லதான். அதனாலதான் புரிஞ்சுது."

தொகாஷி போன வருஷம் வரை மக்களே வரலாறு என்று எழுதியவர். இந்த வருஷம் மக்களே கேடு என்று எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமும் அவர் மக்களைப் பார்த்தது டிராம் ஜன்னல் வழியாகத்தான். "நான் மக்களைக் குறை சொல்லலை," என்றார் வறுவலை வெட்டிக்கொண்டே. "மக்களுக்குச் சொந்தமா ஆசையே கிடையாது. ஆசையைக் கடைக்காரன் தச்சுக் குடுக்கறான். சினிமா, ஜாஸ், அப்பப்பா, மலிவுப் பதிப்புப் புத்தகம். எல்லாம் மொத்தமாப் பண்ணி மொத்தமா விக்கறான்."

"உங்க புத்தகம்கூட மலிவுப் பதிப்புல வந்திருக்கே சென்செய். நாப்பதாயிரம் பிரதி," என்றார் உசாமி. அவருக்கு எண்ணிக்கை தெரியாமல் இருக்காது.

"அது மக்களைத் திருத்தறதுக்கு," என்றார் தொகாஷி.

ஒன்றரை மணி நேரம் இப்படிப் போயிற்று. பிறகு கசஹாரா, "பொதுமக்கள் என்ன நினைக்கறாங்க?" என்றார். மூன்று பேரும் ஷிகே பக்கம் திரும்பினார்கள். இரண்டு நாளாகப் பொதுக் குளியல்கூடத்தில் முதுகு தேய்த்துக்கொண்டே சொல்லிச் சொல்லிப் பழகியிருந்ததை அவள் சொன்னாள்.

"எனக்குப் பெரிய விஷயமெல்லாம் தெரியாதுங்க. இந்த மிஷின் என்னோடது. வெயில் ஆரம்பிச்சாச்சு. இந்த ரெண்டு மாசம் தச்சாத்தான் எனக்கு வருஷம் முழுக்கச் சோறு. மிஷினைக் குடுத்துடுங்கய்யா."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. தொகாஷி மென்றுகொண்டிருந்தார். கசஹாரா அன்றைக்கு முதல் தடவையாகக் கண்ணைத் திறந்தார்.

"எவ்வளவு சுத்தமான குரல்," என்றார். "தன்னைப் பத்தின நினைப்பே இல்லாத குரல்."

"சோறுன்னு சொன்னாங்க, கவனிச்சீங்களா?" என்றார் தொகாஷி. "ரொட்டின்னு சொல்லலை. ஆழத்துல இன்னும் எதுவோ மிச்சம் இருக்கு."

அந்தச் சோற்றைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். ஷிகே முன்னால் வைத்த ஐஸ்க்ரீம் உருகித் தண்ணீராயிற்று. அவர்கள் எழுந்திருக்கும்போது அவள், "அப்ப மிஷின்?" என்று கேட்டாள்.

"இப்பத்தாம்மா பிரச்சினையே ஆரம்பிச்சிருக்கு," என்றார் கசஹாரா அன்பாக. "இந்த நேரத்துல திருப்பிக் குடுத்தா ஆய்வுப் பொருளே மாறிப்போயிடும். நீங்க எங்களுக்கு அவ்வளவு முக்கியம்."

உசாமி தலையாட்டினார். மிஷின் இல்லாத பொதுமக்களை இதுவரை யாரும் பதிவு செய்ததில்லை என்றார். அடுத்த வாரமே நோட்டோடு ஹோன்ஜோவுக்கு வந்தும்விட்டார். கிண்ணம் மூன்று. கொசுவலை இல்லை, ஜூனில் இருந்தது. கெண்டி இல்லை, ஜூனில் இருந்தது. ஒவ்வொன்றாக விசாரித்து, அடகுக் கடை எந்தத் தெரு என்றுகூடக் கேட்டு எழுதிக்கொண்டார். அவ்வளவு மாற்றத்தை ஒரே வீட்டில் பார்த்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. ஷிகேவின் கால் முழுக்கக் கொசுக்கடித் தடிப்பு. அதையும் எண்ணட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். அவள் காலை இழுத்துப் பாயில் மடக்கிக்கொண்டாள். அன்றைக்கு அவர் கன்னத்தில் அவள் ஒன்று விட்டிருந்தால் நான் தப்பென்று சொல்லியிருக்க மாட்டேன். அவள் தேநீர் கொடுத்து அனுப்பினாள்.

ஆகஸ்டு தொடக்கத்தில் இதழ் வந்தது. அடுத்த வீட்டு இசாகு டிராம் கண்டக்டர். தான் வேலை பார்க்கும் டிராமிலேயே, 'பொதுமக்கள் பேசுகிறார்கள்' என்று விளம்பர அட்டை தொங்குவதைப் பார்த்துவிட்டு ஒரு பிரதி வாங்கிவந்திருந்தார். ஷிகேவால் அந்த எழுத்தைப் படிக்க முடியாது என்பதால் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அவரே படித்தார். நிறுத்தங்களைக் கூவிக் கூவி அவருக்குக் குரல் அப்படியே நின்றுவிட்டது. கசஹாராவின் பேச்சு தெருக்கோடி வரை கேட்டது.

"இது எல்லாம் அவர் சொல்லவே இல்லையே இசாகு-சான்," என்றாள் ஷிகே. மேசையில் பேசாத மூன்று பக்கம் கசஹாரா பேசியிருந்தார். அச்சுக்குப் போகும் முன் சென்செய்கள் திருத்திக்கொள்வது வழக்கம் என்பது அவளுக்குத் தெரியாது.

"இருங்க, இப்பத்தான் உங்க பேச்சு வருது," என்றார் இசாகு. "பொதுமக்கள். எனக்குப் பெரிய விஷயமெல்லாம் தெரியாதுங்க. அடைப்புக்குறி, சிரிப்பு, அடைப்புக்குறி." சிரிக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து அவர் சத்தமாக, ஒழுங்காக, "ஹ ஹ ஹா" என்றார். "இந்த மிஷின் என்னோடது. சிரிப்பு. ஹ ஹ ஹா. இந்த ரெண்டு மாசம் தச்சாத்தான் எனக்கு வருஷம் முழுக்கச் சோறு."

அங்கே இசாகு நின்றுவிட்டார்.

"அப்புறம்?" என்றாள் ஷிகே.

"அதே குறிதான்," என்றார் இசாகு. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. இதழை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"யாரும் சிரிக்கலையே."

"அச்சுல இருக்குதே ஷிகே-சான்."

"நான் அங்கதானே இருந்தேன். ஒருத்தரும் சிரிக்கலை. எங்க, அந்தக் குறியைக் காட்டுங்க." இரண்டு வளைவுகளுக்கு நடுவில், சிரிப்பு என்பதற்கான ஒற்றை எழுத்து உட்கார்ந்திருந்தது. அவள் அதை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். மொத்த இதழிலும் பத்து. பத்தும் அவள் பேச்சில்.

அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கொசு ஒரு காரணம். இத்தனை நாள் மிஷினுக்காக ஏங்கினாளே தவிரக் கோபப்படவில்லை. பெரிய மனிதர்கள், ஏதோ பெரிய வேலை, நமக்குப் புரியவில்லை என்று நினைத்திருந்தாள். சோறு என்று சொன்ன இடத்தில் சிரிப்பைக் கொண்டுவந்து வைத்தது மட்டும் அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

இதழ் மூன்று பதிப்பு போயிற்று. மலிவான ரசனை நாட்டைக் கெடுக்கிறது என்று சொன்ன இதழ் அதுவரை அத்தனை விற்றதில்லை. அதனால் பொதுமக்களை மறுபடி கூப்பிட்டார்கள். ஆகஸ்டு இருபத்தெட்டாம் தேதி, இரண்டாம் வட்டமேசை. தலைப்பு, 'பொதுமக்களுக்குப் பிறகு'. ஷிகே சீக்கிரமே போய்விட்டாள். ஒரு பெரிய முடிச்சுத் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். அறையில் நிஷிகொரி மட்டும் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"நீங்கதானே எழுதினீங்க," என்றாள். "அன்னிக்கு யார் சிரிச்சாங்க?"

நிஷிகொரி கத்தியைக் கீழே வைத்தார். ஐம்பது வயது, முழங்கையில் ஒட்டுப் போட்ட கோட்டு. "யாரும் சிரிக்கலைம்மா," என்றார் மெல்ல. "இதழுக்குப் பத்து சிரிப்பு வேணும்னு விதி. இல்லாட்டி வாசகர் படிக்க மாட்டாங்களாம். நான் எல்லாருக்கும் பகிர்ந்துதான் போட்டேன். கசஹாரா சென்செய்க்கு நாலு, தொகாஷி சென்செய்க்கு மூணு. அந்தப் பொத்தான் கதைக்கே ரெண்டு போட்டேன். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பிரதி அவங்கவங்களுக்குப் போகும். அவங்கவங்க தன் பேச்சுல இருக்கிற சிரிப்பை அடிச்சுடுவாங்க. தன்னைப் பார்த்துச் சிரிக்கறதை யார் விடுவாங்க? ஆனா பத்துன்னா பத்து வந்தாகணும். பிரதி போகாத ஆள் நீங்க ஒருத்தர்தான்."

"எனக்கு ஏன் அனுப்பலை?"

"பொதுமக்கள் குரல்ல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு தலைவர் உத்தரவு."

"உங்களுக்குச் சோறு போடறது இந்த வேலைதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். "அப்ப உங்களைச் சொல்லி என்ன," என்று போய்த் தன் மூலையில் உட்கார்ந்தாள்.

சென்செய்கள் வந்தார்கள். பன்றி இறைச்சி வறுவல் வந்தது. இந்தத் தடவை ஷிகே ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. ஐஸ்க்ரீமை உருகும் முன் தின்றாள். கசஹாரா கண்ணை மூடிக்கொண்டு, பொதுமக்கள் என்று தனியாக ஒன்று கிடையாது, அது நம் சிந்தனையின் நிழல்தான் என்று நிறுவிக்கொண்டிருந்தார். நிழல் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து மேசை அருகே போயிற்று.

"நிஷிகொரி-சான், எழுதிக்குங்க," என்றாள் ஷிகே. "மூணு நாளுன்னு சொல்லி மிஷினை எடுத்துட்டு வந்தீங்க. கோடை முழுசும் போச்சு. ஒரு தடவைகூட இதுல ஒரு தையல் போட்டுப் பார்க்கலை. என் வீட்ல கிண்ணம் குறைஞ்சதைப் பார்த்து ஒருத்தர் சந்தோஷப்பட்டார். போன தடவை நான் இங்க உட்கார்ந்து சோறுன்னு சொன்னேன். நீங்க மென்னுட்டிருந்தீங்க. அதை எழுதுங்க. யாரும் சிரிக்கலை. அதையும் எழுதுங்க. யாரும் சிரிக்கலை."

நிஷிகொரியின் பென்சில் ஓடியது. ஷிகே மிஷின் கழுத்திலிருந்த சீட்டைக் கிழித்து மேசைமேல் வைத்தாள். மரமூடியைப் போட்டாள். துணியில் கட்டி, மேசை விளிம்பிலிருந்து முதுகில் ஏற்றி, மார்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

"இது போராட்டமா, வெளியேற்றமா?" என்று தொகாஷி உசாமியிடம் கேட்டார்.

"வாசல் வரைக்கும் பதினாலு அடி," என்றார் உசாமி.

கசஹாரா கண்ணைத் திறக்கவில்லை. பேச்சு அதன் போக்கில் போய்க்கொண்டிருந்தது.

வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்த கிழவர் ஒதுங்கி வழிவிட்டார். முதுகில் மிஷினைப் பார்த்ததும் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து முடிச்சைச் சரிசெய்தார்.

"என்னம்மா, முடிவு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு," என்றாள் ஷிகே.

"அப்ப ஆள் போடுவாங்க," என்றார் கிழவர்.

கடைக்காரன் ஷிகேவின் வேலையை ஜூலையிலேயே வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவன் ஆய்வு செய்யவில்லை, வியாபாரம் செய்தான். செப்டம்பர் புயல் மழையோடு வெயிலும் போயிற்று. அப்பப்பாக்களைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். அந்த வருஷத்துக் கோடையை யாரும் ஷிகேவுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை, அதற்குப் படிவமும் இல்லை. குளிர்காலத்துக்கு அவளிடம் இருந்தது காலுறைக்கு ஒட்டுப் போடுகிற வேலையும், தைத்துக் கொடுக்க ஒரே ஒரு அப்பப்பாவும். கசஹாரா வீட்டு அம்மாள் ஆள் மூலம் துணி அனுப்பியிருந்தாள். அடுப்படி எல்லா மாதமும் சூடாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தாள். காஸ் அடுப்பு இன்னும் வரவில்லை.

அந்தத் துணியைப் பாயில் விரித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தபோது இசாகு புது இதழோடு வந்தார். படிக்கட்டுமா என்று கேட்டார். படிங்க என்றாள். கசஹாராவின் நிழல் பற்றிய பேச்சு வந்தது, அவர் பேசாத ஐந்து பக்கம் வந்தது. பிறகு இசாகுவின் குரல் இறங்கியது. அவள் சொன்னது எல்லாம் அதில் இருந்தது. மூன்று நாள், கோடை, கிண்ணம், மென்றது. நிஷிகொரி ஒரு சொல்லை விடவில்லை.

"யாரும் சிரிக்கலை. அதையும் எழுதுங்க. யாரும் சிரிக்கலை," என்று படித்துவிட்டு இசாகு இதழை மூடினார்.

"அதுக்கு அப்புறம்?"

"ஒண்ணுமில்லை ஷிகே-சான். அவ்வளவுதான்."

"குடுங்க."

அவர் கொடுக்கத் தயங்கினார். அவள் வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அவளுக்கு அந்த ஒரு எழுத்து இப்போது தெரியும். கடைசி வரிக்குப் பக்கத்தில், இரண்டு வளைவுகளுக்கு நடுவில், அது உட்கார்ந்திருந்தது.

இசாகு எதுவோ சொல்ல வந்தார். ஷிகே கேட்கவில்லை. இதழின் முதுகைப் பிரித்து, அந்தப் பக்கத்தையும் அதற்கு எதிர்ப் பக்கத்தையும் இழுத்து எடுத்துப் பசை தடவி ஒட்டினாள். அதன்மேல் கசஹாரா வீட்டு அம்மாளின் அப்பப்பாவுக்குக் கை அளவைக் குறித்தாள். நல்ல கெட்டிக் காகிதம். கத்தரி வளைவுகளைத் தாண்டி, எழுத்தைத் தாண்டி, தொகாஷியைத் தாண்டிச் சீராகப் போயிற்று. வெட்டிய காகிதத்தை அளவு மாதிரியாகத் துணிமேல் வைத்து ஊசி குத்தினாள். குட்டைக் கைதான், இரண்டு பக்கம் போதுமானதாக இருந்தது.